கருந்துளையும் பருப்புக் கறியும்

1

இந்த நாட்டுக்கு வந்து பத்து வருடம் நிறைந்த அதே கிழமையில், என் மகள் பள்ளிக்கூடத்தில் எழுந்து நின்று எங்கள் குடும்பத்தைக் காட்டிக் கொடுத்துவிட்டாள்.

அனிற்றாவுக்கு ஒன்பது வயது. வகுப்பில் ஒவ்வொரு பிள்ளையும் தனக்குப் பிடித்த உறவினர் ஒருவரைப் பற்றிப் பேச வேண்டுமாம். மற்றப் பிள்ளைகள் தாத்தாவின் பண்ணை, சித்தியின் குதிரை என்று சொல்ல, இவள் என் தம்பி அன்ரனைப் பற்றிப் பேசியிருக்கிறாள். மாமா இலங்கையில் உச்சமுனை என்ற தீவில் இருக்கிறார், அவரிடம் நீல நிற வள்ளம் இருக்கிறது, நாங்கள் போயிருந்தபோது என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு களப்புத் தண்ணீருக்குள் இறங்கி நடந்தார் என்றெல்லாம் சொன்னாளாம். இதுவரைக்கும் சரி. கடைசியில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "எங்கட மாமா ஒரு போட் பீப்பிள்" என்று ஆங்கிலத்தில் முடித்திருக்கிறாள்.

ஊரில் இருந்து வாசிக்கிறவர்களுக்கு இதில் என்ன பிழை என்று விளங்காது. அவுஸ்திரேலியாவில் அந்தச் சொல்லுக்கு வள்ளம் வைத்திருக்கிறவர் என்று அர்த்தம் இல்லை. அனுமதி இல்லாமல் கடல் வழியாக வந்து அடைக்கலம் கேட்கிறவர்களைத்தான் அப்படிச் சொல்வார்கள். தொலைக்காட்சியில் தினமும் அந்தச் சண்டைதான். என் மகள் அதைக் கேட்டுக் கேட்டு, படகு வைத்திருக்கிற பெரிய மனிதர்களைப் பற்றித்தான் இவ்வளவு பேச்சு என்று நினைத்திருக்கிறாள், பாவம்.

வகுப்பு ஆசிரியை எனக்குத் தொலைபேசி எடுத்தார். குரலைப் பஞ்சுபோல வைத்துக்கொண்டு, வீட்டில் ஏதாவது கஷ்டமா, மாமா இப்போது எங்கே இருக்கிறார் என்று கேட்டார். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவர் மீனவர், தன் வீட்டில்தான் இருக்கிறார், பிள்ளைக்குச் சொல் மாறிவிட்டது என்று விளக்கினேன். அவரும் சிரித்தார். பத்து வருட நிறைவுக்கு நல்ல பகிடி ஒன்று கிடைத்தது என்ற சந்தோஷத்தில், அதை ஊருக்குச் சொல்ல வேண்டும் என்று பின்னேரம்வரை காத்திருந்தேன்.

2

எனக்குப் பின்னேரம் ஆறு மணி என்றால் உச்சமுனையில் மத்தியானச் சோறு. அந்த நேரம்தான் நான் வீட்டுக்குப் போன் எடுப்பது. அம்மாவோடு எனக்குப் பெரிய கதை ஒன்றும் இல்லை. நான் "என்ன கறி?" என்று கேட்பேன், அவ சொல்லுவா. பிறகு அவ "உங்கட ஊரில மழையா?" என்று கேட்பா. எனக்குக் கோபம் ஏறிக்கொண்டு வரும். "இது என்ட ஊர் இல்லையம்மா, நான் வேலைக்கு வந்து நிக்கிற இடம்" என்பேன். பத்து வருடமாக அவவும் கேட்பதை விடவில்லை, நானும் மறுப்பதை விடவில்லை.

"என்ன கறி?"

"பருப்பும் சொதியும் புள்ள."

"சரி, போனைச் சுகந்தியிட்டக் குடுங்கோ."

சுகந்தி தம்பியின் மனைவி. வன்னியில் வயல்காரக் குடும்பம். சண்டைக் காலத்தில் சிறுபிள்ளையாகப் புத்தளத்துக்கு வந்து சேர்ந்தவள். மீன் விற்கப் போன இடத்தில் அன்ரன் அவளைப் பார்த்து, அடம்பிடித்துக் கட்டினான். நல்ல பிள்ளை. எதற்கெடுத்தாலும் சிரிப்பாள். பகிடி சொல்ல அவளைவிட்டால் ஆள் இல்லை என்றுதான் அவளைக் கேட்டேன்.

அனிற்றா வகுப்பில் சொன்னதை அப்படியே நடித்துக் காட்டினேன். "மாமா போட் பீப்பிள் எண்டாளாம். வாத்தியார் மனுசி நடுங்கிப் போச்சு!"

சிரிப்பு வரவில்லை. லைன் வெட்டுப்பட்டுப் போச்சோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன். இல்லை, ஓடிக்கொண்டுதான் இருந்தது. பிறகு சிரிப்பு வந்தது. பிந்தி வந்தது, மெலிந்து வந்தது.

"அன்ரனைக் கூப்பிடு, அவனுக்கும் சொல்லுவம்."

"இவர் இல்லை மச்சாள். முல்லைத்தீவுக்குப் போட்டார். வாடிக்கு."

"எப்ப போனவன்?"

"பத்து நாள் இருக்கும்."

சரி என்று வைத்துவிட்டேன். வெங்காயம் வெட்டத் தொடங்கி, பாதி வெங்காயத்தில் கத்தி நின்றது.

எங்கள் பக்கத்து மீனவர்கள் முல்லைத்தீவுக் கரைக்குப் போவது உண்மைதான். நடு வருடத்தில் கச்சான் காற்று அடித்து எங்கள் மேற்குக் கடல் குழம்பும்போது, வள்ளம் வலையோடு கிழக்கே போய், கடற்கரையில் ஓலைக் கொட்டில் போட்டுத் தொழில் செய்வார்கள். அதுதான் வாடி. வாடைக் காற்று தொடங்கினால் கதை தலைகீழ். கிழக்குக் கடல் கொந்தளிக்கும், எங்கள் கடல் அடங்கும், எல்லாரும் வாடியைப் பிரித்துக்கொண்டு திரும்பி வருவார்கள். இது நடந்தது மார்கழித் தொடக்கத்தில், டிசம்பர் முதல் நாட்களில். எல்லாரும் திரும்பி வந்து முடிந்த மாதத்தில் என் தம்பி அங்கே போயிருக்கிறானாம். அம்மாவோ ஊரில் வேறு யாருமோ இப்படி ஒரு பொய்யைச் சொல்ல மாட்டார்கள், சொல்ல வாய் வராது. வயலில் வளர்ந்த பிள்ளை சொல்லிவிட்டாள்.

3

என் வேலையைப் பற்றி இந்தக் குறிப்புகளில் நான் அதிகம் எழுதுவதில்லை. இம்முறை எழுதாமல் விட முடியாது.

தூரத்து அண்டங்கள், அதாவது கோடிக்கணக்கான விண்மீன்களின் கூட்டங்கள், சிலவற்றின் நடுவில் பென்னாம்பெரிய கருந்துளை உண்டு. சுற்றியிருக்கிற வாயு அதற்குள் விழுகிறபோது சூடாகி, கண்ணைப் பறிக்கிற ஒளியை விடும். அந்தக் கருந்துளையின் திணிவை அளப்பது என் தொழில். திணிவு என்றுதான் எழுதுவேன். கூட வேலை செய்யும் சென்னைக்காரத் தோழி அதை நிறை என்பாள். எங்கள் பள்ளிக்கூடத்தில் நிறை என்றால் பூமி இழுக்கிற இழுவை, அப்படி எழுதினால் புள்ளியில் வெட்டு விழும். இரண்டு தமிழச்சிகள் தேநீர் அறையில் நின்று இதற்குப் பிடிக்கிற சண்டையைப் பார்த்து மற்றவர்கள் பயந்திருக்கிறார்கள்.

அளப்பது எப்படி? நடுவிலிருக்கும் ஒளி ஒரே மாதிரி எரிவதில்லை, கூடும், குறையும். கொஞ்சம் தள்ளிச் சுற்றுகிற வாயு மேகங்கள் அந்த ஒளியை வாங்கித் தாங்களும் ஒளிரும். நடுவில் கூடினால் மேகத்திலும் கூடும், ஆனால் பிந்தித்தான் கூடும். நீங்கள் அடுப்பில் செத்தல் மிளகாயைப் பொரிக்கிறீர்கள், கொஞ்சம் கழித்துப் பக்கத்து வீட்டில் தும்மல் கேட்கிறது. எவ்வளவு பிந்தித் தும்மல் வந்தது என்று தெரிந்தால் அந்த வீடு எவ்வளவு தூரம் என்று சொல்லலாம் அல்லவா, அதேதான். பிந்துகிற காலத்திலிருந்து மேகத்தின் தூரம் கிடைக்கும். அந்த மேகத்தின் ஒளியை நிறமாலையாகப் பிரித்தால் அது எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது என்பது கிடைக்கும். தூரமும் வேகமும் இருந்தால் நடுவில் கிடப்பதன் திணிவு வந்துவிடும். கண்ணால் பார்க்க முடியாத ஒன்றை, அதைச் சுற்றுகிறவை படுகிற பாட்டை வைத்து அளப்பது.

இதில் ஒரு சனியன் இருக்கிறது. நான் பார்க்கும் அண்டம் வருடத்தில் சில மாதம் சூரியனின் பக்கம் போய்விடும், பகல் வெளிச்சத்தில் காணாது. அந்த மாதங்களில் அங்கே என்ன நடந்தது என்று எங்களுக்குத் தெரியாது. எங்கள் கணினி நிரலோ, மேகம் பாதி வருடம் பிந்தி ஒளிர்கிறது என்று அடித்துச் சொன்னது. பாதி வருடம் என்றால், நாங்கள் பார்த்த ஒவ்வொரு ஏற்றத்தின் பதிலும் சரியாக நாங்கள் பார்க்காத மாதங்களில் போய் விழும். யாருமே பார்க்காத காலத்தில் நடந்தது என்று ஒரு கதையைச் சொன்னால் யார் அதை மறுப்பது? கணினி களவாகச் சொல்லவில்லை. மறுக்க ஆள் இல்லாத இடமாகப் பார்த்துப் போய் ஒதுங்கிக்கொண்டது.

எங்கள் குழுத்தலைவர் கிரேக் என்பவருக்கு அந்த விடை பிடித்துவிட்டது. அதை வைத்துக் கணக்குப் பார்த்தால் மிகப் பெரிய திணிவு வரும், கட்டுரை பேசப்படும், என் வேலை ஒப்பந்தமும் நீளும். எனக்கு அந்த விடையில் நம்பிக்கை இல்லை. அதற்காக வாதாடிக்கொண்டிருந்த நாட்களில்தான் என் வீட்டிலும் அதே மாதிரி ஒரு கதையைச் சொன்னார்கள்.

4

அடுத்த நாள் அம்மா கோயிலுக்குப் போகிற நேரமாகப் பார்த்துச் சுகந்திக்கு எடுத்தேன்.

"வாடையில முல்லைத்தீவுக்கு எவன் போவான் சுகந்தி?"

அவள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"எனக்குக் காத்துத் தெரியாது மச்சாள். இவர் கொழும்புக்கு எஞ்சின் சாமான் எடுக்கப் போனதெண்டுதான் சொல்லச் சொன்னவர். நான்தான், கொழும்பெண்டா ரெண்டு நாளில வரவேணும், அது காணாது எண்டு போட்டு..."

"எங்க போனவன்?"

"உங்களிட்டத்தான் மச்சாள்."

கதிரையைப் பிடித்து இருந்தேன்.

வெள்ளிக்கிழமை வீட்டால் வெளிக்கிட்டானாம். எந்தக் கரையில் ஏறினான், எப்போது ஏறினான் என்று அவளுக்குத் தெரியாது. ஆட்களை ஓரிடத்தில் ஒளித்து வைத்திருந்து, கடற்படையின் கண் விலகிய நேரம் பார்த்துப் பெரிய மீன்பிடிப் படகில் ஏற்றுவார்களாம். அது அன்றைக்கே இருக்கலாம், நாலு ஐந்து நாள் கழித்தும் இருக்கலாம். அதற்குப் பிறகு கடல்தான்.

"நீல வள்ளம்?"

"வித்துப் போட்டார் மச்சாள். எஞ்சினும் போச்சு. நீங்கள் ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ. சொன்னா நடுக்கடலில மறிச்சுத் திருப்பிப் போடுவினம். திரும்பி வந்து என்னத்தைச் செய்யிறது? வள்ளம் இல்லாத மீன்காரனுக்கு ஆர் மதிப்புக் குடுப்பினம்? சத்தியம் பண்ணுங்கோ."

நான் சத்தியம் பண்ணவில்லை. மறுக்கவும் இல்லை. போனை வைத்துவிட்டேன்.

இரண்டு வருடத்துக்கு முன் அவன் என்னிடம் கேட்டிருந்தான். "அக்கா, அங்க வள்ளம் ஓட்ட ஆள் எடுக்கமாட்டாங்களா?" நான் அக்கறையாகத்தான் தேடினேன். இந்த நாட்டுக்குத் தேவையான தொழில்கள் என்று அரசாங்கம் போட்டிருந்த பட்டியலில், தூரத்து அண்டத்தின் நடுவில் கிடப்பதை அளக்கிறவளுக்கு இடம் இருந்தது. மீன்பிடிக்கிறவனுக்கு இடம் இல்லை. அதை அவனிடம் சொன்னபோது, "அப்ப அங்க ஒருத்தரும் மீன் தின்றதில்லையோ?" என்று கேட்டுச் சிரித்தான். அதோடு அந்தக் கதை முடிந்தது என்று நான் நினைத்தேன். பத்து வருடம் வெளியில் இருந்தால் சொந்தத் தம்பியின் சிரிப்பைக்கூட வாசிக்கத் தெரியாமல் போய்விடுகிறது.

5

என் கணவர் இரவி யாழ்ப்பாணத்துக்காரர். நிதானமான மனிதர். விசயத்தைக் கேட்டதும் நிதானத்தை விட்டுவிட்டார்.

"இப்பவே இங்கத்தைக் கடல் மீட்புக்காரருக்கு எடு. உயிரோட இருந்தாத்தான் திருப்பியாவது அனுப்பலாம்."

"இப்ப எடுத்தா இலங்கைக் கரையிலயே பிடிபடுவான். அவனுக்கு அங்க என்ன மிச்சம் இருக்கு?"

"கடலில தாண்டு போனா என்ன மிச்சம் இருக்கும்?"

இரண்டு நாள் நாங்கள் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. இடையில் அனிற்றா, "நீங்க ரெண்டு பேரும் சண்டையா?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள். இருவரும் ஒரே குரலில் இல்லை என்றோம்.

நான் மீன்காரன் வீட்டுப் பிள்ளை. அப்படிப்பட்ட படகு எவ்வளவு போகும் என்று கணக்குப் போட எனக்குத் தெரியும். கடல் விட்டால் மூன்று கிழமை, இருபத்தொரு நாள். அதற்கு மேலே நாலைந்து நாள் குடிதண்ணீர் தாங்கும், அவ்வளவுதான். அந்த எல்லை வரைக்கும் பொறுத்து, அதைத் தாண்டினால் உடனே மீட்புக்காரருக்குச் சொல்வது என்று மனதை ஒரு வழிக்குக் கொண்டுவந்தேன். இரவியும் பல்லைக் கடித்துக்கொண்டு சம்மதித்தார். ஆனால் மூன்று கிழமையை எந்த நாளிலிருந்து எண்ணுவது? வெள்ளியா, செவ்வாயா? தண்ணீர் தாங்குகிற அந்த நாலைந்து நாளும் எனக்குத் தெரியாத நாலைந்து நாளும் ஒரே அளவு. முந்தி எண்ணினால் கரை சேரப் போகிறவனை நானே மறிப்பேன். பிந்தி எண்ணினால் செத்தவனைத் தேடச் சொல்லுவேன்.

அப்போதுதான் பருப்பு நினைவுக்கு வந்தது.

அம்மாவிடம் ஒரு பிடிவாதம் உண்டு. இரவு போய்க் காலையில் வருகிற தொழிலுக்கு இல்லை. வீட்டு ஆள் நாட்கணக்கில் கடலில் கிடந்தால் அம்மா மீன் தொடமாட்டா. அப்பா இருந்த காலத்திலிருந்தே அப்படி. ஆளைக் கடல் வைத்திருக்க, கடலில் பிடித்ததை நான் தின்பதா என்று கேட்பா. ஊரில் வேறு ஒருத்தரும் இப்படிச் செய்வதில்லை. கோயிலில் சொல்லிக் கொடுத்ததும் இல்லை, அம்மாவாகப் போட்டுக்கொண்ட சட்டம். மீனுக்கென்று ஒரு மண்சட்டி இருக்கும். ஆள் கரைக்கு வரும்வரை அது கவிழ்ந்தே கிடக்கும்.

போன மாதக் கடைசியில் நான் வானம் பார்க்க, தொலைநோக்கி இருக்கிற மலைக்குப் போகுமுன் கடைசியாக எடுத்த நாள் என்ன கறி? சூடை மீன் தீயல். நன்றாக நினைவிருக்கிறது, எனக்கு வாயூறியது. மலையில் இரவில் வேலை, பகலில் தூக்கம், வீட்டுக்கு எடுப்பதில்லை. இறங்கி வந்து எடுத்த அன்று? பருப்பு. அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் பருப்பு. மீனிலிருந்து பருப்புக்கு மாறிய நாள் நான் மலையில் இருந்த நாட்களுக்குள் விழுந்து கிடந்தது. அடக் கடவுளே என்று தலையில் அடித்துக்கொண்டேன். வேலையிலும் அதே ஓட்டை, வீட்டிலும் அதே ஓட்டை.

6

அம்மாவிடம் நேரே கேட்க முடியாது. சண்டைக் காலத்துப் பயம், போனில் யாரோ ஒட்டுக் கேட்கிறார்கள் என்பது அவவின் அசையாத நம்பிக்கை. நான் "தம்பி" என்று தொடங்கினாலே, "ஆடு கயித்தை அறுத்துக்கொண்டு போகுது, வைக்கிறன்" என்று வைத்துவிடுவா. எங்கள் வீட்டில் ஆடு வளர்த்ததே இல்லை.

எனவே கறியைப் பற்றிக் கேட்டேன்.

"என்ன கறியம்மா?"

"பருப்பு."

"நேத்து?"

"அதுவும் பருப்புத்தான்."

"எப்ப இருந்தம்மா பருப்பு?"

முற்றத்தில் காகம் கத்துவது கேட்டது. அம்மா வைக்கப் போகிறா, ஆடு வரப் போகிறது என்று நினைத்தேன்.

"கிறிஸ்துராசா பெருநாளண்டைக்கு இறால் ஆக்கினன் புள்ள," என்றா அம்மா. ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தா. "நல்ல இறால். அண்டைக்கு ராவு சட்டியைக் கழுவிக் கவிழ்த்தன். பிறகு எடுக்கல்ல."

"அண்டைக்கு ராவேயா? அடுத்த நாள் இல்லையே?"

"சொல்லுறனே. ராவே. படுக்க முதல்ல."

"சரியம்மா."

"விளங்கினதா உனக்கு?"

"விளங்கினது."

"விளங்கினா வாயைப் பொத்திக்கொண்டு செபம் சொல்லு. உங்கட ஊரில மழையா?"

அந்தப் பெருநாள் வந்தது அவன் வெளிக்கிட்ட வெள்ளிக்கு அடுத்த ஞாயிறு. அன்று இரவு. ஏறுகிற நேரத்தில் அன்ரன் அம்மாவுக்கு மட்டும் ஒரு சொல் சொல்லியிருக்கிறான். மனைவி அழுவாள், அம்மா சட்டியைக் கவிழ்ப்பா என்று அவனுக்குத் தெரியும். நான் நாட்காட்டியில் நாளை எண்ணினேன். மூன்று கிழமை, அதற்கு மேல் நாலு நாள் என்று பார்க்க, நத்தார், அதாவது கிறிஸ்மசுக்கு முந்தின கிழமை வியாழக்கிழமை வந்தது. அதற்கும் ஒரு நாள் முந்தி, புதன்கிழமை பின்னேரம் மீட்புக்காரருக்கு எடுப்பது என்று இரவியும் நானும் பேசி முடிவு செய்தோம்.

அடுத்த நாள் கிரேக்கிடம் போய், அந்தப் பாதி வருட விடையைக் கட்டுரையிலிருந்து எடுக்கச் சொன்னேன்.

"வேறு விடை வைத்திருக்கிறாயா?" என்று கேட்டார்.

"இல்லை. தெரியாது என்று எழுதுவோம்."

"தெரியாது என்பதை யார் வாசிப்பார்கள்?"

அவருக்கு எப்படிச் சொல்வது? என் நாலு நாள் ஓட்டையை அடைக்க அந்த இடத்தில் நின்ற ஒருத்தி இருந்தா, சட்டியைக் கழுவின கையோடு இருந்தா, கேட்டேன், சொன்னா. அந்த அண்டத்தில் எங்களுக்கு ஒரு அம்மா இல்லை. அங்கே யாரும் பார்க்கவில்லை என்றால் யாரும் பார்க்கவில்லை என்பதுதான் உண்மை. நான் இதையெல்லாம் சொல்லவில்லை. "என் பெயர் அந்த விடைக்குக் கீழே வராது" என்று மட்டும் சொன்னேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. பத்து வருடத்தில் அந்தக் கட்டடத்துக்குள் நான் குரல் உயர்த்தியது திணிவுக்கும் நிறைக்கும் மட்டும்தான். கிரேக் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். அடுத்த பருவமும் பார்த்துவிட்டுப் பேசுவோம் என்று முணுமுணுத்துக்கொண்டு போனார். ஒப்பந்தத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

7

அந்தக் கிழமைகளை எப்படிக் கடந்தேன் என்று எனக்கே தெரியாது. தேநீர் அறையில் தொலைக்காட்சி ஓடும், கடலில் ஒரு படகு என்று செய்தி வரும், கோப்பையோடு அப்படியே நிற்பேன். நல்ல மனிதர்கள்தான், எனக்குப் பிறந்தநாள் கேக் வெட்டுகிறவர்கள், "இவர்கள் ஏன் உன்னைப்போல ஒழுங்காக வரக்கூடாது?" என்று கேட்பார்கள். என்னைப் புகழ்கிறார்களாம். நான் தலையாட்டிவிட்டு மேசைக்குப் போய் என் பாட்டில் இருப்பேன். வாயைத் திறந்தால் தம்பி வெளியே வந்து விழுந்துவிடுவான் என்று பயம்.

கடைக்குப் போனால் மீன் பக்கம் திரும்ப முடியவில்லை. அம்மாவின் சட்டத்தில் எனக்கு நம்பிக்கை இல்லை, நான் பௌதிகம் படித்தவள். ஆனாலும் கை போகவில்லை. "ஏன் ஒவ்வொரு நாளும் பருப்பு?" என்று அனிற்றா சிணுங்கினாள். இரவி அவளுக்குத் தன் பங்கு அப்பளத்தையும் கொடுத்துச் சமாளித்தார்.

மூன்று கிழமை முடிந்தது. பருப்பு. அடுத்த நாளும் பருப்பு. அம்மாவின் குரல் ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போனது. செவ்வாய்க்கிழமை, நான் கேட்கும் முன்பே "பருப்பு" என்று சொல்லி வைத்துவிட்டா. மழையைப் பற்றிக்கூடக் கேட்கவில்லை. அன்று நான் குளியலறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு அழுதேன். கடல் ஒன்றும் செய்யாது, அவன் கடலில் பிறந்தவன் என்று என்னையே ஏமாற்றிக்கொண்டிருந்த மயக்கம் அன்றோடு தெளிந்தது.

புதன்கிழமை பின்னேரம் இரவி வேலையிலிருந்து முந்தி வந்துவிட்டார். மீட்புக்காரரின் இலக்கத்தைத் தன் போனில் போட்டு, அழுத்தாமல், மேசையில் எனக்கு முன்னால் வைத்தார். என்ன சொல்ல வேண்டும் என்று இருவரும் ஒத்திகை பார்த்தோம். பெரிய மீன்பிடிப் படகு, இலங்கையிலிருந்து, புறப்பட்டது ஞாயிறு இரவு. அதற்கு மேல் எங்களுக்கு ஒன்றும் தெரியாது.

"எடு," என்றார்.

"அம்மாவிட்டச் சொல்லிப்போட்டு எடுக்கிறன்."

"சொன்னா அவ விடமாட்டா."

"விடாட்டிலும் எடுப்பன். ஆனால் அவவுக்குத் தெரியாமல் எடுக்கமாட்டன்."

அம்மாவின் இலக்கத்தை அழுத்தினேன். மணி அடித்தது, அடித்தது, எடுக்கவில்லை. மறுபடி அழுத்தினேன். அது பிழையான இலக்கத்துக்குப் போய் விழுந்தது. மூன்றாம் தரம் எடுத்தா. பின்னால் ஏதோ இரைச்சல், சுகந்தியின் குரல், பிள்ளைகளின் சத்தம். செத்த வீடு என்றுதான் நினைத்தேன்.

"அம்மா, நான் ஒண்டு சொல்லவேணும்—"

"பொறு புள்ள, அடுப்பில மீன் கிடக்கு, கருகப்போகுது."

போனை எங்கேயோ வைத்துவிட்டுப் போய்விட்டா. நான் காதில் பிடித்தபடி நின்றேன். எண்ணெய் பொரிகிற சத்தம் கேட்டது. சட்டியில் அகப்பை முட்டுவது கேட்டது. இரவி என் முகத்தைப் பார்த்துவிட்டு, என்ன, என்ன என்று கேட்டார். மேசையில் கிடந்த அவருடைய போனைத் திருப்பிக் கவிழ்த்து வைத்தேன். அவருக்கு அது போதுமாயிருந்தது.

அம்மா திரும்பி வந்தா. குரல் பழைய குரல்.

"ம், சொல்லு."

"என்ன மீனம்மா?"

"பாரைக்குட்டி. பெடியன் விடியக் காலமை எடுத்தவன். ரெண்டு சொல்லுத்தான் கதைக்க விட்டாங்களாம். ஏதோ ஒரு சின்னத் தீவிலயாம், சுத்திவரக் கம்பியாம். உடம்பு தோல் உரிஞ்சு போச்சாம். எல்லாரும் உயிரோட கரைக்கு வந்திட்டாங்களாம்." ஒரு மூச்சு விட்டா. "சோத்துக்கு என்ன கறி குடுக்கிறாங்களோ தெரியாது."

நான் வாய்விட்டு அழுதேன். அனிற்றா ஓடிவந்து என் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

இனித்தான் ஆயிரம் தொல்லை என்று எனக்குத் தெரியும். படகில் வருகிறவர்களை இந்த நாடு அடைத்து வைக்கிற அந்தக் கம்பிக்கு வெளியே அவன் வருவானா, எத்தனை வருடம் எடுக்கும், கடைசியில் திருப்பி ஏற்றிவிடுவார்களா? அதையெல்லாம் அடுத்த நாள் காலையில் தொடங்கினேன். அன்று பின்னேரம் ஒன்று மட்டும்தான் தெரிந்தது. அவன் கால் வைத்த நிலமும் நான் நிற்கிற நிலமும் ஒரே நாட்டுக்குச் சொந்தம். அந்தச் செய்தி இந்தியப் பெருங்கடல் முழுவதையும் தாண்டிப் போய், உச்சமுனையில் ஒரு மண்சட்டியைத் திருப்பி வைத்துவிட்டுத்தான் என்னிடம் வந்தது.

"நீ ஏன் அழுறாய்?" என்றா அம்மா. "உனக்குத் தெரியாதா? உங்கட ஊரிலதானே நிக்கிறான்."

பத்து வருடமாகச் சொல்லிவந்த மறுப்பு தொண்டைவரை வந்தது. விழுங்கினேன்.

"ஓமம்மா," என்றேன். "எங்கட ஊரிலதான்."